பசுவின் முட்டை பழுப்பது எப்படி?

சங்கரன்கோவில் அம்மனுக்குக் கோமதி என்றும், ஆவுடையம்மை என்றும் பெயர்கள் உண்டு. ‘கோ’, ‘ஆ’ என்னும் இரண்டு சொற்களும் பசுவையே குறிக்கும். அவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நல்ல கறவைப்பசு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு கன்று என்றாலும், ஒரு பசு தன் வாழ்நாளில் பத்துக் கன்றுகள் ஈனுவது அரிது. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். பசு இறந்தால் அந்த நல்ல வழி நின்றுவிடுமோ என்பது அவர் கவலை.

ஆனால், கிடாரிக்கன்று பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் பல்லாயிரக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன! அவற்றுள் மிகச் சிலவே பழுத்து வெளிவருகின்றன, ஏனையவை அழிந்துபோகின்றன. அவற்றை வெளியே எடுத்துப் பழுக்க வைத்தால் என்ன?

முட்டை ‘பழுப்பது’ என்றால் என்ன? பசுவின் உயிரணுவில் 60 குரோமோசோம்கள் உள்ளன. முட்டை அவற்றுள் பாதியை ஒரு சிறு உருண்டையாக வெளித்தள்ளி, 30 மட்டும் வைத்துக்கொண்டால்தான் விந்தணுவை ஏற்கத் தகுதி பெறும். இப்பிரிவு, கன்று பிறக்கும் முன்பே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. முட்டை தங்கியிருக்கும் சிறு நீர்ப்பையே அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பையிலிருந்து வெளியே எடுத்தால் தடை நீங்கி, முட்டை தானாகவே பழுக்கத் தொடங்கும். இதனை முயலின் முட்டைகளில் 1935இல் கண்டவர் கிரிகரி பிங்கஸ்.

ஆய்வுக்கூடத்தில் 2 முதல் 8 மில்லிமீட்டர் அளவுள்ள நீர்ப்பைகளிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஊட்டச்சத்தும் ஹார்மோன்களும் கலந்த நீர்மத்தில் இட்டு, பசுவின் உடல்வெப்பமாகிய 38.5 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைக்கிறார்கள். முட்டையைச் சுற்றி இறுகியிருந்த செல்கள் பஞ்சுபோல விரிகின்றன. பின்னர் விந்தணுவுடன் சேர்த்து, ஏழு நாள் வளர்த்த கருவை வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கிறார்கள்.

அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், வெட்டப்பட்ட எருமைகளின் சினைப்பைகளிலிருந்து எடுத்த முட்டைகள் இவ்வாறே பழுக்க வைக்கப்பட்டன. 1990இல் ‘பிரதம்’ என்ற எருமைக்கன்று பிறந்தது. சோதனைக்குழாய் முறையில் பிறந்த முதல் எருமைக்கன்று இதுவே.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை. வெம்பிப் பழுத்த மாம்பழத்தைப் பார்த்திருப்பீர்கள். தோல் மஞ்சளாக இருக்கும், கடித்தால் புளிக்கும். ஆய்வுக்கூட முட்டையும் அதுபோன்றதே. பத்தில் எட்டு முட்டைகளாவது குரோமோசோம்களைச் சரிவரக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் கருவாக ஏழாம் நாளை எட்டுபவை மூன்று அல்லது நான்கே. பசுவின் உடலில் நீர்ப்பை பெரிதாகும் கடைசி நாட்களில், வருங்காலக் கருவுக்கு வேண்டிய புரதம் முதலிய சேமிப்பை முட்டை தனக்குள் நிரப்பிக்கொள்கிறது. நாம் முன்னதாகவே பறித்துவிடுவதால் அச்சேமிப்பு நிறைவதில்லை.

காயைப் பழுக்க வைக்கக் கற்றுக்கொண்டோம். முற்றச் செய்யும் வழியை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. அதைக் கற்கும் நாளில்தான், நல்ல பசு இறந்தாலும் அதன் வழி தொடரும் என்று சங்கரன்கோவில் உழவர் உறுதியாக நம்பலாம்.