திருமுழுக்கும் குடியுரிமையும்: 1950 ஆம் ஆண்டின் ஆணையும் தலித் கிறிஸ்தவர்களும்

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் திருமுழுக்கும் அரசின் சட்டமும் தொடக்கமுதல் ஒன்றையொன்று தொட்டே வந்துள்ளன. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமையைப் பற்றிய பூசலில் நெருக்குண்ட பரதவர், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1535க்கும் 1537க்கும் இடையில் அவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தது அதற்குப் பின்னர், 1542இல்தான். திருமுழுக்கோடு போர்த்துக்கீசிய மன்னரின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. அம்மக்களின் விசுவாசத்தைக் குறைத்து மதிப்பிட இதனைக் கூறவில்லை. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது நிலைத்து நிற்பதே அதன் உண்மைக்குச் சான்று. எனினும், அன்று திருமுழுக்கு உரிமையைக் கொண்டுவந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் அதே மாவட்டத்தில், 1950 முதல், ஒரு சாரார்க்குத் திருமுழுக்கு உரிமையைப் பறிக்கும் காரணமாக ஆகியுள்ளது. அஃது எவ்வாறு நேர்ந்தது, அதனை மாற்றும் வழி யாது, அதில் ஆயர்களின் பொறுப்பு என்ன என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

1. ஆணையின் வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1936இல் பிறப்பிக்கப்பட்ட அட்டவணைச் சாதியினர் ஆணையே இந்தியக் கிறிஸ்தவரை அப்பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. விடுதலைக்குப் பின், அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு அளித்த அதிகாரத்தின்படி, குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் புதிய ஆணையை வெளியிட்டார். அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினின்று வேறான சமயத்தைச் சார்ந்தவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என வரையறுத்தது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் இடமளித்து அப்பத்தி திருத்தப்பட்டது. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிற்கின்றனர்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே குடும்பத்தில் பிறந்த ஆதிதிராவிட உடன்பிறப்புகள் இருவர். அண்ணன் இந்து, தம்பி திருமுழுக்குப் பெற்றவன். நடுவணரசைச் சார்ந்த தூத்துக்குடித் துறைமுகத்தில் அட்டவணைச் சாதியினர்க்கென ஒதுக்கிய வேலைக்கு அண்ணன் விண்ணப்பிக்கலாம். தம்பி விண்ணப்பிக்க இயலாது. தனித்தொகுதியாகிய ஒட்டப்பிடாரத்தில் அண்ணன் வேட்பாளராக நிற்கலாம். தம்பி அங்கு வாக்களிக்கலாமேயன்றி நிற்கலாகாது. சாதியின் பெயரால் இருவரையும் ஒரே கூட்டம் தாக்கினாலும், 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கே அரணாகும். தமிழ்நாட்டில் தம்பி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறான். ஊரார் அவன் குடியிருப்பை நோக்கும் கண்ணோ மாறுவதில்லை.

2. அமெரிக்க வரலாறு தரும் ஒளி

1667இல் வர்ஜீனியாவின் சட்டமன்றம், திருமுழுக்குப் பெறுவதால் அடிமையின் நிலை மாறாது எனச் சட்டம் இயற்றியது. கிறிஸ்துவுக்குள் சகோதரனாகியவனைச் சங்கிலியில் வைத்துக்கொள்ள உடைமையாளர்க்கு அச்சட்டம் துணைநின்றது. அங்கே திருமுழுக்கு எதையும் மாற்றலாகாது என்றனர். இங்கோ, திருமுழுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது எனச் சட்டம் பாவனை செய்கிறது. இரண்டும் ஒடுக்கப்பட்டவனின் மெய்யான நிலையைக் காண மறுப்பவையே.

உள்நாட்டுப் போரின் முடிவில் அந்நாட்டு அரசியலமைப்பில் மூன்று திருத்தங்கள் சேர்ந்தன. 1865இன் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இன் பதினான்காம் திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை வாக்களித்தது. 1870இன் பதினைந்தாம் திருத்தம் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுத்தலைத் தடைசெய்தது. ஆயினும் 1896இல் உச்சநீதிமன்றமே நிறப்பிரிவினையைச் செல்லும் என்றது. அத்தீர்ப்பின் கொள்கை பள்ளிகளில் வீழ்ந்தது 1954இல். குடியுரிமைச் சட்டம் வந்தது 1964இல். வாக்குரிமைச் சட்டம் 1965இல். ஏட்டிலிருந்த திருத்தங்களுக்கு உயிர்வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அப்போராட்டத்தின் பாசறைகளாய் விளங்கியவை கறுப்பின மக்களின் ஆலயங்களே.

1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், கேரளத்துப் பள்ளியொன்றில் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ச்சியுற்றதையும், பின்னர் அதுவே உண்மை என உணர்ந்ததையும் 1965இல் தம் சபையில் எடுத்துரைத்தார். இரு நாட்டு ஒடுக்குமுறைகளும் உறவுடையவை என்பதை அவரே கண்டுகொண்டார்.

3. சூசை வழக்கு கேட்ட கேள்வி

சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர் கிறிஸ்தவ ஆதிதிராவிடர். அவர்தம் தொழில் செய்வோர்க்கு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கும் திட்டம், அட்டவணைச் சாதியினர்க்கே உரியது என்பதால் அவரைச் சேரவில்லை. அவர் மூன்றாம் பத்தியை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1985இல் அவர் வழக்கு தள்ளப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது எனக் காட்டினால் மட்டும் போதாது. புதிய சமயச் சூழலிலும் அச்சாதியின் இழிவும் ஊனமும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என நிறுவுதல் வேண்டும் என்றது நீதிமன்றம்.

திருச்சபை இத்தீர்ப்பை மிக்க கவனத்தோடு படித்தல் வேண்டும். நீதிமன்றம் கேட்ட சான்று எங்கே உள்ளது? நம் கல்லறைத் தோட்டங்களிலும், சேகரத் தேர்தல்களிலும், திருமணப் பேச்சுகளிலும் உள்ளது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட ஆணையிட்டார். அத்தகைய ஆணை தேவைப்பட்டதே ஒரு சான்று. எங்கள் சபையில் சாதி இல்லை என மேடையில் முழங்கும் ஒவ்வொரு பேச்சும், தலித் கிறிஸ்தவரின் வழக்கிற்கு எதிரான சாட்சியமாக முடிகிறது.

4. மாற்றும் வழி

இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 341ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தின் வாயிலாகவே பட்டியலை மாற்றலாம். 1956இலும் 1990இலும் அவ்வாறே நடந்தது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடுவணரசு மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்க்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இருக்கும் பங்கையே பகிர்ந்தால் தம் பங்கு குறையும் என இந்துத் தலித் மக்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆதலின் மக்கள்தொகைக்கேற்ப ஒதுக்கீட்டை உயர்த்துதலும் நம் கோரிக்கையில் அடங்குதல் வேண்டும்.

5. ஆயரின் பணி

உலக உரிமைகளை நாடுதல் விசுவாசிக்குத் தகுமோ என வினவுவோர் உளர். பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், தாம் ரோமக் குடிமகன் என்பதை எடுத்துக்காட்டி அதிகாரிகளே நேரில் வருமாறு செய்தார் (அப்போஸ்தலர் 16:37). எருசலேமிலும் சாட்டையடிக்குமுன் அவ்வுரிமையையே முன்வைத்தார் (22:25). கலாத்தியர் 3:28ஐ எழுதிய கை அவருடையதே. கிறிஸ்துவுக்குள் ஒருமையும் சட்டத்தின்முன் உரிமையும் அவருக்கு முரண்படவில்லை.

சான்றிதழில் இந்துவாகவும் ஆலயத்தில் கிறிஸ்தவராகவும் இரு பெயரோடு வாழும் குடும்பங்களை நம் ஆயர்கள் அறிவர். பிள்ளையின் படிப்பிற்காக ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரெழுதத் தயங்கும் தாயைக் கடிந்துகொள்ளுதல் எளிது. ரிம்மோன் கோவிலில் தலைகுனிய நேரிடுமே எனக் கலங்கிய நாகமானை எலிசா சமாதானத்தோடு அனுப்பினார் (2 இராஜாக்கள் 5:18, 19). அத்தாயைப் பொய்யராக்கியது அவருடைய அவிசுவாசமன்று, மூன்றாம் பத்தியே.

எனவே ஆண்டுதோறும் நவம்பரில் அனுசரிக்கப்படும் தலித் விடுதலை ஞாயிறு ஒரு பிரசங்கத்தோடு முடிதலாகாது. அந்நாளில் சேகரந்தோறும் கல்லறை, பதவி, பந்தி ஆகியவற்றில் நிலவும் வேறுபாடுகள் எழுத்தில் பதிவு செய்யப்படட்டும். அப்பதிவு ஆணையங்களின்முன் சான்றாகும். சபையின்முன் மனந்திரும்புதலின் முதற்படியாகும். நாடாளுமன்றத்திடம் ஒரு பத்தியை நீக்கக் கோரும் திருச்சபை, தன் கல்லறைச் சுவரை நீக்கிவிட்டுக் கோருமாயின், அக்குரலுக்கு வலிமை உண்டாகும்.