சாராயக் குத்தகையும் முதலியார் பட்டமும்

தெல்தோட்டைக்கு அயலிலுள்ள லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை நம்மவர் அறிவர். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே, அண்டைய ஹங்குராங்கெத்தவில் கண்டி மன்னருக்குரியதாயிருந்த தோட்டத்தை விலைக்கு வாங்கிக் கோப்பி பயிரிட்டவர் மொரட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா. அவரை இன்று நினைப்போர் சிலரே.

1797இல் பிறந்த இவரது செல்வத்துக்கு ஊற்றாயிருந்தது கோப்பி மட்டுமன்று. கண்டிப் பிரதேசத்துச் சாராயக் குத்தகையுமாகும். சாராயம் விற்கும் உரிமையை அன்றைய அரசு பிரதேசவாரியாக ஏலத்தில் விட்டது. கூடிய தொகை கேட்டவருக்கே உரிமை. குத்தகைப் பணம் போக எஞ்சியது அவரது இலாபம். எனவே தவறணைகள் பெருகுவது இரு தரப்புக்கும் ஆதாயமாயிற்று. கடல் கடந்து, காட்டுவழியே நடந்து வந்து கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழரின் கூலியில் ஒரு பங்கு இவ்வழியே திறைசேரியை அடைந்தது. மதுவைத் தீண்டாத முஸ்லிம் வணிகரின் பொதிமாடுகள் சென்ற வீதிகளுக்கும் அதே திறைசேரிதான் செலவிட்டது!

1853இல் தேசாதிபதி சேர் ஜோர்ஜ் அண்டர்சன் இவருக்கு முதலியார் பட்டம் வழங்கினார். வணிகத்தால் உயர்ந்த ஒருவர் காலனித்துவ அதிகார வரிசையில் இடம்பெற்றமை அக்காலத்தில் சிறிய விடயமன்று. 1862இல் இவர் காலமானார். மைந்தர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் கொழும்பில் மகப்பேற்று மருத்துவமனை எழுந்தது. அக்கொடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அச்செல்வத்தின் முதற் கணக்கில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியும் உண்டென்பதை மறைப்பது நியாயமாகாது.

குத்தகை முறைக்கு மாற்றாக 1912இல் அரசு புதிய மதுவரி ஏற்பாட்டைக் கொணர்ந்தது. தவறணைகள் மேலும் பரவின. மதுவொழிப்பு இயக்கம் நாடெங்கும் வீறுகொண்டது அவ்வாண்டில்தான்.