கரையில் இருக்கும்போதே முடிவு செய்யவேண்டிய பல்

ஞானப்பல்லை எடுப்பதா, விட்டுவைப்பதா என்று தீர்மானிக்க நம்மில் பெரும்பாலோர் நம்புவது வலியைத்தான். வலித்தால் பல் டாக்டரைத் தேடுகிறோம். மாத்திரையில் வலி அடங்கிவிட்டால் பல்லையும் மறந்துவிடுகிறோம். தூத்துக்குடி போலக் கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இந்தக் கணக்கு ஆபத்தானது. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் சரக்குக் கப்பல் ஏறுகிற இளைஞர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தருவைக்குளத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கின்றன. மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு ஏற்றிச் செல்பவர்களும், சங்கு குளிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வலி வரும் நேரத்தில் பல் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆகவே பல் எந்தக் கோணத்தில் கிடக்கிறது, பக்கத்துப் பல் என்ன நிலையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும்: இந்த மனிதர் இனி எவ்வளவு காலம் மருத்துவரை விட்டு விலகி இருக்கப்போகிறார்?

பொதுவாகப் பதினேழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில், தாடையின் கடைசி மூலைகளில் ஞானப்பற்கள் முளைக்கின்றன. இடம் போதாவிட்டால் எலும்புக்குள்ளேயோ ஈறுக்கு அடியிலேயோ சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய பல் எல்லாமே ஒரே ஜாதி அல்ல. எலும்புக்குள் ஆழமாக முழுவதும் புதைந்த பல் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொல்லை தராமல் கிடக்கும். அரிதாக அதைச் சுற்றி நீர்க்கட்டி வளரலாம் என்பதால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதும். உண்மையான தொல்லைக்காரன், பாதி வெளியே தெரிந்து பாதி ஈறு மூடிக் கிடக்கும் கீழ்த்தாடைப் பல். அந்த ஈறு மடிப்புக்குள் உணவுத் துணுக்கு தங்கும், கிருமி பெருகும், ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், வாயைத் திறக்கவே முடியாமல் போகும். அந்தப் பல் முன்பக்கமாகச் சாய்ந்து பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு சேதமும் நடக்கிறது. பிரஷ் எட்டாத அந்த இடுக்கில், நல்ல பல்லின் பின்புறம் சத்தமில்லாமல் சொத்தையாகிறது. வலி தெரியும்போது சொத்தை வேர் வரை இறங்கியிருக்கும். மென்று தின்ன ஆயுளுக்கும் தேவைப்படுகிற பல்லைப் பறிகொடுக்க வேண்டி வரும். வலியை மட்டும் அளவுகோலாக வைப்பது தவறு என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முடிவைப் பற்றி உலகில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில், தொல்லை வருமுன்னே இளவயதில் எடுத்துவிடுவது பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2000-ஆம் ஆண்டில் அதற்கு நேர்மாறான விதியை வகுத்தது: நோய் இல்லாத சிக்கிய ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கக் கூடாது, ஈறு வீக்கம் முதல் முறை வந்தால், அது மிகக் கடுமையாக இருந்தால் ஒழிய, எடுக்கத் தேவையில்லை, மறுபடியும் வந்தால் எடுக்கலாம். தேவையற்ற அறுவைச் சிகிச்சையைத் தடுக்கும் நல்ல நோக்கம் அது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அங்கே ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களின் சராசரி வயது 25-லிருந்து 32 ஆக ஏறியது. சொத்தை காரணமாக எடுக்கப்படுவதும் அதிகமானது. அதாவது பலருக்கு அறுவை தவிர்க்கப்படவில்லை, தள்ளித்தான் போடப்பட்டது. இதற்கிடையே, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, தொல்லை தராத பல்லை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று பொதுவாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020-இலும் எழுதியது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது என்றே இதை நான் படிக்கிறேன். ஆளைப் பார்த்து, பல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

விட்டுவைக்கலாம் என்ற பிரிட்டிஷ் விதிக்குள் சொல்லாமல் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. பல்லை ஒருவர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், ஆபத்து தலைகாட்டியதும் சிகிச்சை கிடைக்க வேண்டும். கண்காணிப்பு இல்லாமல் விட்டுவைப்பது சிகிச்சை முறையே அல்ல, வெறும் மறதி. நடுக்கடலில் சரக்குக் கப்பலில் வலிமாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் இருக்கும், கரையிலுள்ள மருத்துவரிடம் தொலைத்தொடர்பில் ஆலோசனை கேட்கலாம். பல் எடுக்க ஆள் இருக்காது. கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேச மருத்துவப் பரிசோதனை நெறிமுறைகளும், சிகிச்சை செய்யாத பல் நோய் கண்ணுக்குத் தெரிந்தால் அது சரியாகும் வரை ஆளைத் தகுதியற்றவராக வைக்கச் சொல்கின்றன. அந்தச் சோதனை வாய்க்குள் கண்ணால் பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். புதைந்த பல்லின் கோணம் அதில் தெரியாது. ஆகவே முதல் கப்பலுக்குப் போகுமுன் இரு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்பதே என் கணிப்பில் புத்திசாலித்தனம். பாதி முளைத்துச் சாய்ந்த பல், ஒருமுறை வீங்கி அடங்கிய பல் என்று தெரிந்தால், வீட்டிலேயே இருப்பவரைக் காத்திருக்கச் சொல்லலாம். கப்பலுக்குப் போகிறவருக்கு எடுத்துவிட்டுப் போவதே நல்லது. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற பல்லையும் எலும்புக்குள் ஆழப் புதைந்த பல்லையும் கப்பல்காரரானாலும் தொட வேண்டியதில்லை.

வலியே இல்லாத பல்லுக்குக் கத்தி வைப்பதா என்ற எதிர்ப்பு நியாயமானது. இந்த அறுவைக்கும் விலை உண்டு. கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. எடுத்தபின் நூற்றில் சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரம், சில மாதம் மரத்துப்போகும். நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. என்றாலும் அந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கலாம். முன்பல் கோணலாகிவிடும் என்ற பயத்துக்காக மட்டும் எடுப்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிவிடும் என்று நம் ஊரில் இன்னும் பலர் அஞ்சுகிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போவதில்லை. காசுக்காகப் பிடுங்கச் சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும். எக்ஸ்ரே படத்தைக் காட்டி, எந்தப் பல் எதனால் எடுக்கப்படுகிறது, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கச் சொல்லுங்கள். பொறுமையாக விளக்குகிறவரை நம்பலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் இரண்டாவது கருத்தும் கேட்கலாம்.

எடுப்பது என்று முடிவானால் இருபதை ஒட்டிய வயது உடம்புக்குத் தோதானது. வேர் முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது, எலும்பும் இறுகியிருக்காது, புண் சீக்கிரம் ஆறும். முப்பதைக் கடந்தால் வேலையும் கடினம், ஆறவும் நாளாகும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் வடியும். பிடுங்கிய குழியில் உறைந்த ரத்தம் கலைந்துவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் கடுமையான வலி கிளம்பும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். பாக்கு மென்று மென்று வாய் இறுகியவர்களுக்குப் பல் டாக்டரின் கருவி உள்ளே போவதே சிரமம். அவர்கள் இன்னும் முன்னதாகவே வந்து காட்ட வேண்டும். விசைப்படகுக்காரர்களுக்குத் தோதான காலம் ஆண்டுதோறும் தானாகவே அமைகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையைப் பழுதுபார்க்கும் அந்த இரண்டு மாதத்தில் ஒரு பத்து நாளைப் பல்லுக்கு ஒதுக்கினால் ஒருநாள் பாடும் நட்டமாகாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலம் அப்படி. கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சங்கு குளிப்பவர்கள், பல் எடுத்த டாக்டர் புண் ஆறிவிட்டது என்று சொல்லும் வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. மேல்தாடைப் பல் எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வேருக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது, அழுத்தம் மாறும்போது அங்கே வாசல் திறந்துகொள்ளலாம்.

இவ்வளவும் நிதானமாக முடிவெடுக்க நேரம் இருப்பவர்களுக்கு. வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்தை நோக்கி இறங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, காய்ச்சலோடு மூச்சு முட்டினாலோ யோசிக்க நேரமில்லை. மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக்கோடு இன்னொரு நாள் வலை போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. சீழ் கழுத்துக்குள் பரவினால் மூச்சுக்குழலை அடைத்து உயிரைப் பறிக்கும். படகைத் திருப்பிக் கரைக்கு வந்து நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.