கடைக்கு வைத்த கேமரா, திருடனுக்கு திறந்த கதவு!

"போர்ட்" திறந்து விடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்

பாஸ்வேர்டை மாற்றாததால் ஆஸ்பத்திரி பெண்களின் அந்தரங்கம் சந்திக்கு வந்த கொடுமை

சென்னை,-

கடையில் திருட்டு போகக்கூடாது என்று கண்காணிப்பு கேமரா மாட்டுகிறார்கள். வீட்டில் இருந்தபடியே செல்போனில் கல்லாவை பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்காக இன்டர்நெட் பெட்டியில் ஒரு கதவை திறந்து விடுகிறார்கள். அந்த கதவு வழியாக முதலாளி மட்டும் அல்ல, முகம் தெரியாத ஆசாமியும் உள்ளே நுழைந்து விடுகிறான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூலைக்கு மூலை கேமரா

ஏ.கே.விசுவநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது "மூன்றாவது கண்" திட்டம் தீவிரமாக நடந்தது. தெருவுக்கு தெரு கேமரா வந்தது. செயின் பறிப்பு, மோட்டார் சைக்கிள் திருட்டு என்று எது நடந்தாலும் போலீசார் முதலில் தேடுவது கேமரா பதிவைத்தான் என்று ஆகி விட்டது. மளிகை கடை, மருந்து கடை, அடகு கடை, அடுக்குமாடி வீடு எல்லாவற்றிலும் இப்போது கேமரா கண் சிமிட்டுகிறது.

அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு போனால் 4 கேமரா, பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி, ஹார்டு டிஸ்க், வயர் எல்லாம் ஒரே செட்டாக கிடைக்கும். ஆள் வந்து மாட்டி விட்டும் போவார்.

மாட்டி முடித்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"தம்பி, வீட்ல இருந்து போன்ல பாக்க முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி. ரவுட்டர்ல போர்ட் திறந்து விட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

அந்த அஞ்சு நிமிஷ வேலையில்தான் வினை ஆரம்பிக்கிறது.

ராஜ்கோட்டில் நடந்த கொடுமை

கேமரா அடுத்தவன் கைக்கு போனால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தில் நடந்த சம்பவமே சாட்சி.

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ராஜ்கோட் நகரில் உள்ள ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பெண்களை பரிசோதனை செய்யும் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி நாட்டையே உலுக்கின. பாதுகாப்புக்கு என்று மாட்டிய கேமராவில் பதிவான காட்சிகள் அவை! அவற்றை பணத்துக்கு விற்றதும் அம்பலமானது.

ஆமதாபாத் சைபர் கிரைம் போலீசார் வலை வீசினார்கள். மராட்டியம், உத்தரபிரதேசம் என்று பல இடங்களில் ஆசாமிகள் சிக்கினார்கள். பல மாநிலங்களில் கேமராக்களுக்குள் புகுந்து இந்த கும்பல் கைவரிசை காட்டியது விசாரணையில் தெரிய வந்தது.

பூட்டை எப்படி திறந்தார்கள்? பெரிய வித்தை எதுவும் இல்லை. பெட்டியோடு வரும் "அட்மின்123" மாதிரியான பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதே அவர்களுக்கு வசதியாக போயிற்று.

வாட்ச்மேனிடம் கொடுத்த சீட்டு

"போர்ட்" திறப்பது என்றால் என்ன?

ஒரு அடுக்குமாடி கட்டிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருந்து பார்த்தால் கட்டிடத்துக்கு ஒரே விலாசம். இன்டர்நெட் கம்பெனி உங்கள் இணைப்புக்கு கொடுக்கும் ஐ.பி. எண்தான் அந்த விலாசம். உள்ளே இருக்கும் செல்போன், டி.வி., கம்ப்யூட்டர், டி.வி.ஆர். எல்லாம் தனித்தனி வீடுகள். 192.168.1.5 என்கிற மாதிரி அவற்றுக்கு உள் நம்பர் உண்டு. அந்த நம்பர் வெளியில் செல்லாது.

வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் ரவுட்டர். உள்ளே இருப்பவர் வெளியே போனால் விடுவார். கேட்டு வாங்கிய சாமான் வந்தால் விடுவார். முன்பின் தெரியாத ஆள் வந்தால், "யாரைய்யா நீ?" என்று திருப்பி அனுப்பி விடுவார்.

போர்ட் திறப்பது என்பது அந்த வாட்ச்மேன் கையில் ஒரு சீட்டு எழுதி கொடுப்பது மாதிரி. "8000-ம் நம்பர் கேட்டு யார் வந்தாலும் டி.வி.ஆர். வீட்டுக்கு அனுப்பு" என்று எழுதி கொடுத்து விட்டால் வாட்ச்மேன் மறு பேச்சு பேச மாட்டார். முதலாளி வந்தாலும் அனுப்புவார். திருடன் வந்தாலும் அனுப்புவார்!

இப்படி மொத்தம் 65 ஆயிரத்து 535 நம்பர்கள் இருக்கின்றன. இணையப்பக்கமாக பார்க்க 80, வீடியோ ஓட்டத்துக்கு 554, ஹிக்விஷன் பெட்டிக்கு 8000, தாஹுவா பெட்டிக்கு 37777 என்று வழக்கமான நம்பர்கள் உண்டு. இவை ஒன்றும் ரகசியம் அல்ல. கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு. அதன் பெயர் "டி.எம்.இசட்". எந்த நம்பர் என்று தெரியாவிட்டால் சிலர் இதை போட்டு விட்டு போய் விடுகிறார்கள். வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்பி விட்டு எல்லா கதவையும் திறந்து வைப்பதற்கு சமம் இது.

"என் கடையை யார் தேடப்போறான்?"

"நம்ம பெட்டிக்கடையை எவன் வந்து பாக்கப்போறான்?" என்று அலட்சியமாக கேட்பவர்கள் உண்டு. யாரும் தேடி வர வேண்டியதே இல்லை. தேடுவது மனிதன் அல்ல, கம்ப்யூட்டர்!

பழைய முறை இன்டர்நெட் விலாசங்கள் மொத்தம் சுமார் 430 கோடி. அத்தனை வாசலிலும் ஒரு நம்பரை தட்டி பார்க்க ஒரே கம்ப்யூட்டருக்கு 45 நிமிடம் கூட ஆகாது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ம் ஆண்டே செய்து காட்டி விட்டார்கள்.

எந்த விலாசத்தில் எந்த கதவு திறந்திருக்கிறது என்று பட்டியல் போட்டு கொடுக்கும் "ஷோடான்" என்ற தேடும் வசதி 2009-ம் ஆண்டு முதல் இருக்கிறது. 2014-ம் ஆண்டு "இன்சிகாம்" என்ற இணையதளம் பாஸ்வேர்டு மாற்றாத ஆயிரக்கணக்கான கேமராக்களின் காட்சியை நாடு வாரியாக பிரித்து போட்டது. கடை, படுக்கை அறை, குழந்தையின் தொட்டில் எல்லாம் அதில் ஓடியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை!

கேமரா பட்டாளம்

எட்டி பார்ப்பதோடு ஆபத்து நிற்கவில்லை. கேமராவையே அடியாள் ஆக்கிய கில்லாடிகளும் உண்டு.

2016-ம் ஆண்டு "மிராய்" என்ற வைரஸ் உலகத்தை கலக்கியது. 60-க்கும் மேற்பட்ட வழக்கமான பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு அது வாசல் வாசலாக தட்டியது. திறந்து கிடந்த கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டர் எல்லாவற்றையும் பிடித்து பட்டாளம் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி இப்படி பிடிபட்ட கருவிகள் "டைன்" என்ற அமெரிக்க கம்பெனி மீது ஒரே நேரத்தில் பாய்ந்தன. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உள்பட பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின.

வைரசை உருவாக்கியது யார் என்று பார்த்தால் 20, 21 வயது வாலிபர்கள் 3 பேர்! அமெரிக்காவை சேர்ந்த பராஸ் ஜா, ஜோசையா ஒயிட், டால்டன் நார்மன் என்ற அவர்கள் 2017-ம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டனர். துப்பு துலக்க உதவியதால் 2018-ம் ஆண்டு ஜெயில் இல்லாமல் 5 ஆண்டு நன்னடத்தை கண்காணிப்பும், 2 ஆயிரத்து 500 மணி நேர பொதுச்சேவையும் தண்டனையாக கிடைத்தன. அவர்கள் வெளியிட்ட வைரசின் சூத்திரத்தை எடுத்து வேறு ஆசாமிகள் இன்றும் புதுப்புது பெயரில் வைரஸ் தயாரித்து வருகிறார்கள்.

உரிமையாளர்களுக்கோ எதுவும் தெரியவில்லை. கேமரா வழக்கம்போல படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது!

பாஸ்வேர்டு மட்டும் போதுமா?

பாஸ்வேர்டை பலமாக வைத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. ஹிக்விஷன் கேமராக்கள் சிலவற்றில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையும் ஓட்டை 2017-ம் ஆண்டு தெரிய வந்தது. 2021-ம் ஆண்டு இன்னொரு ஓட்டை அம்பலமானது. கம்பெனி ஓட்டையை அடைக்கும் புதிய மென்பொருளை வெளியிட்டது. ஆனால் சுவரில் தொங்கும் பெட்டியில் அதை ஏற்றுவது யார்? மாட்டிய நாளில் இருந்து தொடாத பெட்டிகள்தான் நிறைய.

இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பாதுகாப்பு சோதனையில் தேறி சான்றிதழ் பெற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமலுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே மாட்டிய பழைய பெட்டிகளை காக்க வேண்டியது உரிமையாளர்தான்.

திறந்தும் தெரியவில்லையா?

"எல்லாம் சரியா செஞ்சாச்சு, வெளியில படம் வரல" என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம் இதுதான்:-

விலாச பற்றாக்குறையால் பல இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளுக்கு சேர்த்து ஒரே வெளி விலாசம் கொடுக்கின்றன. உங்கள் வாட்ச்மேனுக்கு மேல் கம்பெனியின் வாட்ச்மேன் ஒருவர் நிற்கிறார் என்று அர்த்தம். ரவுட்டர் பக்கத்தில் "வான் ஐ.பி." என்ற எண்ணை பாருங்கள். அது 100.64-ல் இருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் இந்த கதைதான். அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. தனி கட்டணம் கட்டி நிரந்தர விலாசம் வாங்க வேண்டும்.

அந்த எண் 192.168 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் கம்பெனி பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய பெட்டி ஒன்று என்று இரண்டு ரவுட்டர் இருக்கும். ஒன்றில் மட்டும் திறந்தால் வழி கிடைக்காது.

திறந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் போர்ட் திறக்க வேண்டியவர்கள் இந்த வரிசையில் செய்ய வேண்டும்:-

1. முதலில் டி.வி.ஆர். பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடை பெயர், போன் நம்பர் வேண்டாம். 12 எழுத்துக்கு குறையக்கூடாது. ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

2. டி.வி.ஆருக்கும் ரவுட்டருக்கும் கம்பெனி வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்றுங்கள்.

3. டி.வி.ஆருக்கு மாறாத உள் நம்பர் கொடுங்கள். இல்லாவிட்டால் கரண்டு போய் வந்ததும் நம்பர் மாறி, வாட்ச்மேன் வேறு வீட்டுக்கு ஆள் அனுப்புவார்.

4. ரவுட்டரில் "போர்ட் பார்வர்டிங்" அல்லது "விர்ச்சுவல் சர்வர்" என்ற இடத்தில் தேவையான ஒரே ஒரு நம்பரை மட்டும் திறங்கள். ரவுட்டரில் வசதி இருந்தால் ஆபீஸ் விலாசம் போன்ற குறிப்பிட்ட இடத்தில் இருந்து வருபவரை மட்டும் விடும்படி கட்டுப்படுத்துங்கள்.

5. "யு.பி.என்.பி." என்ற வசதியை அணைத்து விடுங்கள். அது இருந்தால் பெட்டிகள் உங்களை கேட்காமலே கதவு திறந்து கொள்ளும். "டி.எம்.இசட்" பக்கம் போகவே வேண்டாம்.

8000-க்கு பதிலாக வேறு நம்பர் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பது தவறு. பூட்டை மாற்றாமல் வீட்டு நம்பர் பலகையை மட்டும் மாற்றுவதால் என்ன பயன்?

நல்ல வழி என்ன?

கேமராவுக்கு கதவு திறக்காமலே வெளியில் இருந்து பார்க்க வழி இருக்கிறது. அதுதான் "வி.பி.என்.". ரவுட்டரிலேயே இந்த வசதி உள்ள மாடல்கள் கடைகளில் கிடைக்கின்றன. கதவு ஒன்றுதான், சாவி உங்கள் போனில் மட்டும். சாவி இல்லாதவனுக்கு உள்ளே டி.வி.ஆர். இருப்பதே தெரியாது. நிரந்தர விலாசம் இல்லாதவர்களுக்கு "டெயில்ஸ்கேல்" போன்ற ஏற்பாடுகள் உண்டு.

இதெல்லாம் தலைவலி என்பவர்கள் பெட்டியில் உள்ள கட்டம் போட்ட கியூ.ஆர். குறியை கம்பெனி செயலியில் காட்டி பார்க்கிறார்கள். இதில் போர்ட் திறக்க வேண்டியது இல்லை. ஆனால் கம்பெனியின் கம்ப்யூட்டரை நம்ப வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கேமரா மாட்டிய ஆள் அவசரத்தில் தன் போன் நம்பரிலேயே கணக்கு திறந்து விடுவார். கடை உங்களது, கேமராவின் குடுமி அவர் கையில்! கணக்கு உங்கள் நம்பரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வேலைக்காரருக்கும் உறவினருக்கும் காட்ட வேண்டுமானால் பாஸ்வேர்டை சொல்லாமல், செயலியில் உள்ள பகிரும் வசதியை பயன்படுத்துங்கள்.

சோதித்து பாருங்கள்

போனில் வைபையை அணைத்து விட்டு, செல்போன் இன்டர்நெட்டில் உங்கள் வெளி விலாசத்தை தட்டி பாருங்கள். டி.வி.ஆர். அல்லது ரவுட்டரின் நுழைவு பக்கம் வந்து நின்றால் கதவு திறந்திருக்கிறது. அப்படி வராவிட்டாலும் வேறு நம்பர் திறந்திருக்கலாம். ரவுட்டரில் போர்ட் பட்டியலையும், யு.பி.என்.பி. பட்டியலையும் பாருங்கள். நீங்கள் சொல்லாத வரி எது இருந்தாலும் அழித்து விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடை மாற்றும் அறை, சிகிச்சை அறை, படுக்கை அறை ஆகிய இடங்களில் கேமராவே வேண்டாம். இல்லாத படத்தை யாராலும் திருட முடியாது.

ஜெயில் தண்டனை

அடுத்தவர் கம்ப்யூட்டர் கருவிக்குள் மோசடியாக புகுந்தால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். அந்தரங்க உறுப்புகளை படம் எடுத்தாலோ, பரப்பினாலோ 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கேமராவில் யாரோ புகுந்ததாக சந்தேகம் வந்தால் முதலில் இன்டர்நெட் வயரை பிடுங்குங்கள். பெட்டியில் உள்ள பதிவுகளை அழிக்க வேண்டாம்; அதுதான் போலீசாருக்கு துப்பு. பிறகு 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.