எந்தப் பொம்மைப் படத்தை முதலில் பார்ப்பது?

1988-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி.

அன்று ஜப்பான் நாட்டுத் தியேட்டர்களில் இரண்டு பொம்மைப் படங்கள் வெளிவந்தன. இரண்டையும் எடுத்தது ஒரே கம்பெனி. அதன் பெயர் ஸ்டூடியோ ஜிப்லி. ஒரு டிக்கெட் வாங்கினால் போதும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஒரு படத்தின் பெயர் "என் பக்கத்து வீட்டு டோட்டோரோ". மற்றொரு படத்தின் பெயர் "மின்மினிகளின் கல்லறை".

முதல் படத்தில் ஒரு சிறுமி வருகிறாள். பெயர் மேய். வயது 4.

அடுத்த படத்திலும் ஒரு சிறுமி. பெயர் செட்சுகோ. அவளுக்கும் வயது 4.

மேய், ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் விழுகிறாள். அங்கே யானை போல ஒரு பிராணி தூங்கிக்கொண்டு இருக்கிறது. அதுதான் டோட்டோரோ. மேய் பயப்படவில்லை. அதன் கொழுத்த வயிற்றின் மேல் ஏறிப் படுத்து, அவளும் தூங்கிவிடுகிறாள்!

செட்சுகோவின் கதை வேறு. விமானங்கள் குண்டு வீசுகின்றன. வீடு எரிகிறது. தாய் இறந்துபோகிறாள். பசியால் வாடி வாடி, கடைசியில் அந்தக் குழந்தையும் செத்துப்போகிறது. அதைப் பார்த்தால் கல் நெஞ்சும் கரையும்.

அன்று பிள்ளைகளைக் கையில் பிடித்து அழைத்துப் போன பெற்றோரை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்தில் பிள்ளைக்குச் சிரிப்பு. மறு படத்தில் பெற்றவர்களுக்கே கண்ணீர். இரண்டும் பொம்மைப் படங்கள்தான்!

"பொம்மைப் படம்தானே, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று நாம் சொல்கிறோம். அப்படிச் சொல்லும் முன்பு இந்த இரண்டு சிறுமிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"அனிமே" என்றால் என்ன?

"அனிமேஷன்" என்ற சொல்லை ஜப்பானியர்கள் "அனிமே" என்று சுருக்கிவிட்டார்கள். அவர்கள் எந்த நாட்டுப் பொம்மைப் படத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மற்ற நாடுகளில், ஜப்பானில் எடுத்த பொம்மைப் படத்துக்கு மட்டும் அது பெயராகிவிட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிது அல்ல. டி.வி.யில் டோரேமான் என்ற நீலப் பூனையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். அதுவும் அனிமேதான்.

இன்று கல்லூரி மாணவர்கள் அனிமே பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதைக் கேட்கும் அம்மாவுக்கும், அப்பாவுக்கும், தாத்தாவுக்கும்கூட ஆசை வருகிறது. "நானும் ஒன்று பார்க்கிறேன். எதை முதலில் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி! அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படமா? தொடரா?

அனிமேயில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சினிமாப் படம். மற்றொன்று, வாரா வாரம் டி.வி.யில் வரும் தொடர்.

தொடருக்கு வழி திறந்தவர் ஒசாமு தெசூகா. அவர் டாக்டருக்குப் படித்தவர். ஆனால் படக்கதை வரையப் போய்விட்டார். 1963-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அவருடைய தொடர் ஜப்பான் டி.வி.யில் தொடங்கியது. அது ஓர் இயந்திரச் சிறுவனின் கதை. வெளிநாடுகளில் அதற்கு "ஆஸ்ட்ரோ பாய்" என்று பெயர்.

வாரம் தவறாமல் அரை மணி நேரப் படம் தர வேண்டும். பணமும் குறைவு, ஆட்களும் குறைவு. என்ன செய்வது? தெசூகா ஒரு வழி கண்டுபிடித்தார். உடம்பு அசையாமல் நிற்கும். வாய் மட்டும் அசையும். ஒரே படத்தைப் பல இடங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். இதனால் வரைய வேண்டிய படங்கள் குறைந்தன, வேலை முடிந்தது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் ஜப்பானில் நூற்றுக்கணக்கான தொடர்கள் கிளம்பின.

அவற்றில் சில, மிக நீளமானவை. "ஒன் பீஸ்" என்பது கடல் கொள்ளைக்காரர்களைப் பற்றிய தொடர். 1999-ல் ஆரம்பமானது. 1,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 24 நிமிடம். 1,000 பகுதிகளுக்கு 400 மணி நேரம். தினமும் இரண்டு பகுதி பார்த்தாலும் 500 நாள் ஆகும்!

நண்பர்கள் புகழ்கிறார்கள் என்று புதியவர் ஒருவர் அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? பத்தாவது பகுதியில் களைத்துப்போவார். "அனிமே என்றாலே இப்படித்தான்" என்று கையைக் கழுவிவிடுவார். குற்றம் அனிமேயின் மேல் அல்ல. தேர்ந்தெடுத்த விதத்தின் மேல்.

ஆகையால், முதலில் பார்ப்பது ஒரு முழுப் படமாக இருக்கட்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பிடித்தால் மேலே போகலாம். பிடிக்காவிட்டால் ஒரு மாலைப் பொழுதோடு சரி.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பலர் டைரக்டரின் பெயரைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பது உண்டு. அது நல்ல வழிதான். ஆனால் அது மட்டும் போதாது.

டோட்டோரோ படத்தை எடுத்தவர் ஹயாவோ மியசாகி. உலகப் புகழ் பெற்றவர். 1997-ல் அதே மியசாகி "இளவரசி மோனோனோகே" என்ற படத்தை எடுத்தார். அருமையான படம். ஆனால் அதில் ஓர் அம்பு பாய்ந்து கை துண்டாகிறது. இன்னோர் அம்பு தலையையே கொண்டுபோகிறது! டோட்டோரோவைப் பார்த்துச் சிரித்த ஐந்து வயதுப் பிள்ளையை இதன் முன்னால் உட்கார வைக்கலாமா?

"ஷோனென்" என்று ஒரு சொல்லும் காதில் விழும். அதற்குச் "சிறுவன்" என்று பொருள். சிறுவர் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கதை முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. அந்தப் பத்திரிகைகள் மீசை அரும்பும் வயதுப் பையன்களுக்காக வருபவை.

"டீமன் ஸ்லேயர்" அப்படி ஒரு கதை. 2019-ல் தொடராக வந்தது. கரி விற்கும் ஒரு பையன் வீடு திரும்புகிறான். அம்மாவும் தம்பி தங்கைகளும் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒரே தங்கையும் அரக்கியாக மாறிவிட்டாள். இவ்வளவும் முதல் பகுதியிலேயே! அந்த அண்ணன் தங்கைப் பாசத்துக்காகவே கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது விருந்து. சின்னப் பிள்ளைகளுக்கு அது கெட்ட கனவு.

நான்கு கேள்விகள்

படத்தைப் போடும் முன்பு உங்களை நீங்களே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பார்க்கப் போகிறவர்களில் மிகச் சிறியவர் யார்? அந்த வயதுக்குத்தான் படம். இணையத்தில் வரும் படங்களுக்கு நம் நாட்டில் 2021-ம் ஆண்டு விதிகளின்படி வயது குறிக்க வேண்டும். 7, 13, 16 என்ற எண்கள் படத்தின் விவரத்தில் இருக்கும். அதைப் பாராமல் படத்தைத் தொடங்க வேண்டாம்.

2. எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒரு மாலைப் பொழுதா, ஒரு மாத விடுமுறையா?

3. கதை முடிந்துவிட்டதா? முடியாத தொடரில் மாட்டிக்கொண்டால், வருடக்கணக்கில் காத்திருக்க நேரும்.

4. எந்த மொழியில் பார்ப்பது? ஜப்பானியப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதுதான் இன்பம் என்று பழகியவர்கள் சொல்வார்கள். வேகமாகப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது தொல்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசும் படமே நல்லது. தமிழ் பேசும் அனிமே படங்களும் வருகின்றன. "டீமன் ஸ்லேயர்" கதையின் "இன்ஃபினிட்டி காசில்" படம் 2025-ல் நம் தியேட்டர்களில் தமிழிலும் ஓடியது.

எதில் தொடங்கலாம்?

குடும்பத்தோடு பார்க்க: "என் பக்கத்து வீட்டு டோட்டோரோ". 86 நிமிடப் படம். வில்லன் கிடையாது. சண்டை கிடையாது.

சிறுவர் சிறுமியருக்கு: "கிக்கியின் டெலிவரி சர்வீஸ்" (1989). 13 வயதுச் சிறுமி ஒருத்தி, துடைப்பத்தில் ஏறிப் பறப்பவள், வெளியூருக்குத் தனியாகப் போய்ச் சொந்தக் காலில் நிற்கப் பழகும் கதை. கூடவே ஒரு கறுப்புப் பூனை!

பத்து வயதுக்கு மேல்: "ஸ்பிரிட்டட் அவே" (2001). பேராசையோடு தின்ற தாயும் தந்தையும் பன்றிகளாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்க, பத்து வயது மகள் ஆவிகளின் குளியல் மாளிகையில் வேலைக்குச் சேருகிறாள். 2003-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற படம் இது. சில காட்சிகள் பயமூட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

வாலிபர்களுக்கு: "யுவர் நேம்" (2016). டைரக்டர் மகோடோ ஷின்காய். ஒரு பட்டணத்துப் பையனும் ஒரு கிராமத்துப் பெண்ணும் தூங்கி எழுந்ததும் உடல் மாறிவிடுகிறார்கள். சிரிப்பில் தொடங்கி நெஞ்சைப் பிசையும் கதை.

தாத்தா, பாட்டிக்கு: "ராமாயணா: தி லெஜண்ட் ஆப் பிரின்ஸ் ராமா". ஆம், நம் ராமாயணம்தான்! யூகோ சாகோ என்ற ஜப்பானியர் முன்நின்று, இந்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது. 2025 ஜனவரியில் தமிழிலும் வெளிவந்தது. கதை தெரிந்ததால், புதுப் பாணி கண்ணுக்கு உடனே பழகிவிடும்.

தொடர் வேண்டும் என்றால்: "ஹைடி" (1974). 52 பகுதிகள். பெற்றோர் இல்லாத சிறுமி, மலையில் தனியாக வாழும் தாத்தாவின் மனத்தை இளக்கும் கதை. இதை டைரக்ட் செய்தவர் இசாவோ தகஹாதா.

அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செட்சுகோவின் கதையைப் படமாக எடுத்தவரும் அவர்தான்.

அழவைக்கும் படம் வேண்டாமா?

"அப்படியானால் மின்மினிப் படத்தைப் பார்க்கவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பார்க்க வேண்டும். ஆனால் எப்போது, யாரோடு என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

அது வெறும் கற்பனை அல்ல. எழுத்தாளர் அகியுகி நோசாகா 1967-ல் எழுதிய கதை. 1945-ல், போரின் பஞ்சத்தில், அவருடைய சின்னத் தங்கை பட்டினியால் இறந்தாள். தங்கைக்குத் தர வேண்டியதைத் தானே தின்றுவிட்டோமே என்ற வேதனை அவரைக் கடைசிவரை விடவில்லை. கதையில் வரும் அண்ணன், தங்கைக்காக எல்லாவற்றையும் செய்கிறான். தான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நோசாகா ஏங்கினாரோ, அப்படியே அந்த அண்ணனைப் படைத்தார்.

டைரக்டர் தகஹாதாவும் குண்டு வீச்சுக்குத் தப்பியவர். 1945 ஜூன் 29-ந் தேதி ஒக்கயாமா நகரம் எரிந்தது. அப்போது அவருக்கு வயது 9. நெருப்புக்கு நடுவே ஓடிப் பிழைத்தார்.

மியசாகியின் தாயாரோ பல ஆண்டுகள் நோயில் கிடந்தவர். டோட்டோரோ படத்திலும் அம்மா ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். ஆக, சிரிப்புப் படத்துக்கு உள்ளேயும் ஒரு பிள்ளையின் பயம் ஒளிந்திருக்கிறது.

அம்மா வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டதும், நான்கு வயது மேய் ஒரு சோளக்கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறாள். வழி தவறிவிடுகிறாள். ஊரே தேடுகிறது. அக்கா ஓடி ஓடிக் களைத்து அழுகிறாள்.

அந்த இடத்தில் உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்து, "மேய் கிடைச்சிடுவாளா, அம்மா?" என்று கேட்கும். "கிடைச்சிடுவா, கண்ணு" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். அவள் கிடைத்துவிடுவாள்.

செட்சுகோவின் படத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் அதைப் பெரியவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை வளர்ந்து, போர் என்றால் என்ன என்று கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று அதைப் போட்டுக்காட்டி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முதல் படம் மேயின் படமாக இருக்கட்டும். செட்சுகோ காத்திருப்பாள்.