காட்சிப் பந்தயம்

திருத்தணிகை மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பர். அவற்றுள் கணக்கில் சேராத படி ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர்க்கு அத்தகைய ஆட்டம் உண்டோ?

புள்ளியும் பரிசும் கருதாது நிகழ்வது காட்சிப் பந்தயம். “இதில் காலில் அடிபட்டால் அடுத்த போட்டியில் எங்ஙனம் ஆடுவது?” என்று தொழில்முறைக் கால்பந்து வீரர் சிலர் கேட்பர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், முரட்டு ஆட்டம் வேறு. முழுமனத்துடன் ஆடுதல் வேறு.

1977 செப்டம்பர் 24 அன்று கல்கத்தாவின் ஈடன் தோட்டத் திடலில் நியூயார்க் காஸ்மாஸ் அணியும் மோகன் பகான் அணியும் காட்சிப் பந்தயம் ஆடின. காஸ்மாஸ் அணியில் உலகப் புகழ் பெற்ற பெலே இருந்தார். மழையால் திடல் ஈரமாய் இருந்தது. எனினும் மோகன் பகான் வீரர் தளரவில்லை. கௌதம் சர்க்கார் பெலேயை நிழலெனத் தொடர்ந்தார். சியாம் தாபாவும் முகமது ஹபீபும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். ஆட்டம் 2–2 எனச் சமனாயிற்று.

அன்று கோப்பை கிட்டவில்லை. ஆனால், உலகின் சிறந்தாருக்கு ஈடுகொடுக்கத் தம்மாலும் இயலும் என்பதை அவ்வீரர் அறிந்தனர். கட்டணம் செலுத்திக் காண வந்தோரும் ஏமாறவில்லை. புள்ளி இல்லாத ஆட்டமும் ஒரு படியே. அதனையும் ஊன்றி ஏறுபவரே உயர்வர்.