'2.0' திரைப்படமும் பிளவுண்ட சுவைஞர் எதிர்வினையும்: எண்ணூர்ச் சூழலை முன்வைத்து ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

ஷங்கர் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக, 2018 நவம்பர் 29 அன்று '2.0' வெளிவந்தது. இந்தியத் திரையுலகின் மிகுபொருட்செலவுப் படங்களுள் ஒன்றான இதற்குச் சுவைஞரிடையே இருவேறு எதிர்வினைகள் எழுந்தன. ஒரு சாரார் முப்பரிமாணக் காட்சியமைப்பைப் போற்றினர். மறுசாரார் கதையின் மெலிவையும், கைப்பேசிக் கதிர்வீச்சே பறவைகளை அழிக்கிறது என்னும் கருத்தின் அறிவியல் உறுதியின்மையையும் சுட்டினர். இப்பிளவுக்குப் படத்தின் கட்டமைப்பிலேயே காரணம் உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மருட்கையும் இழவும்

வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. கைப்பேசிகள் ஒன்றுகூடி உருவாகும் பெரும்பறவை பெருமைக்கும், உள்ளங்கையில் அடங்கும் '3.0' எந்திரங்கள் சிறுமைக்கும் பொருந்துகின்றன. படத்தைப் போற்றியோர் இம்மருட்கையில் தோய்ந்தவர் எனலாம்.

அழுகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் இழவும் ஒன்று. அது பறவையியல் அறிஞர் பட்சிராஜனிடம் அமைந்துள்ளது. தம் முறையீடுகள் பயனற்றுப்போகக் கைப்பேசிக் கோபுரத்திலேயே அவர் உயிர்விடுகிறார். நியாயமான இழவு எதிர்நாயகனிடமும், மருட்கையின் வெற்றி நாயகனிடமும் தங்கிவிடுகின்றன. இறுதியில் நாயகத் தரப்பு புறாக்களைப் பணயமாக்கியே பட்சிராஜனைப் பணியவைக்கிறது. பறவைகளுக்காக இரங்கிய சுவைஞர் இவ்வெற்றியில் உவகை கொள்ள இயலாமற்போவது இயல்பே.

எண்ணூரிலிருந்து நோக்குதல்

இழவின் காரணத்தைப் படம் எங்கு நிறுத்துகிறது என்பது அடுத்த வினா. கைப்பேசித் தொழில்சார்ந்தோரைக் கொன்றபின், கைப்பேசி வைத்திருப்போர் அனைவரையும் பட்சிராஜன் பகையாகக் கொள்கிறார். குற்றம் அனைவர் மீதும் பரவும்போது, பொறுப்பு எவர் மீதும் நிலைகொள்வதில்லை.

கதை நிகழும் சென்னையின் வடபால் நிலைமை வேறு. கொசஸ்தலையாற்றின் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் படிந்தது; மீனவர்கள் குவளைகளால் அதனை அள்ளினர்; வலைகளும் படகுகளும் பாழாயின. இங்குப் பறவையின் இழவும் மீனவரின் இழவும் ஒன்றே. அதன் மூலம் ஆலை, கால்வாய், சாம்பல் குழாய் எனச் சுட்டிக்காட்டத்தக்கது. படத்திலோ பறவைகளின் இழவு மட்டுமே உண்டு. அவற்றோடு நீரைப் பகிர்ந்து வாழும் மக்கள் இல்லை.

முடிவுரை

'2.0' பெற்ற இருவேறு எதிர்வினைகளை வெறும் சுவை வேறுபாடாகக் கொள்ளுதல் போதாது. ஒரே படைப்பில் மருட்கையும் இழவும் எதிரெதிர்த் தரப்பில் நிறுத்தப்பட்டமையே அவற்றின் அடிப்படை எனலாம். சூழலியல் பேசும் வெகுசனப் படங்களை ஆராய்வோர், காட்சித்திறனோடு, இழவு யாருடையதாகக் காட்டப்படுகிறது, பொறுப்பு யார்மீது சுமத்தப்படுகிறது என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். எண்ணூர் போன்ற நிலப்பகுதிகளை உடன்வைத்து நோக்குங்கால் அவற்றின் விடை தெளிவுபெறும்.